எரிபொருளுக்கு விலை இருக்கிறது, பயிருக்கு ஏன் இல்லை?

கேள்வி: கரிசல்மேடு

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பதினொரு ஏக்கர் மானாவாரிக் கரிசல் நிலம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வாக்கில் என் தகப்பனார் அதில் நான்கு ஏக்கரில் பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு நட்டார். ஒரு தனியார் நிறுவனத்தின் முகவர் ஊருக்கு வந்து கன்றுகளைக் கொடுத்து, விதை முழுவதையும் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று முத்திரைத் தாளில் எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் ஆண்டில் காய் பறித்து, உலர்த்தி, உடைத்து, ஏழு சாக்கு விதை சேர்த்தோம். அதற்குள் முகவரின் தொலைபேசி எண் வேறு யாருக்கோ போய்விட்டது. சாக்குகள் இரண்டு மழைக்காலம் திண்ணையில் கிடந்தன. கடைசியில் சோப்புக்கு எண்ணெய் எடுப்பவர் ஒருவர் வாங்கிப் போன விலை, பறிகூலிக்கே காணவில்லை. தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டோம். வேலியோரத்தில் மட்டும் சில செடிகள் இன்னும் நிற்கின்றன. ஆடு கடிக்காது என்பதால் வேலிக்கு அது நல்ல செடிதான்.

இப்போது இன்னொருவர் வந்திருக்கிறார். எத்தனால் ஆலைக்காக மக்காச்சோளம் ஒப்பந்தச் சாகுபடி செய்ய வேண்டும் என்கிறார். என் தகப்பனார் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் அவ்வளவு கடுமையாக இருக்க விரும்பவில்லை என்றாலும் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. உயிரி எரிபொருளுக்கு 2003 முதல் குழு அறிக்கையும் கொள்கையும் திருத்தமுமாக வந்துகொண்டே இருக்கின்றன. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையும் 2025இல் வந்துவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும், அந்த எரிபொருளுக்கான பயிரைச் செய்பவனுக்கு முகவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு பிடிமானம் ஏன் இல்லை? சட்டத்திலும் நிர்வாகத்திலும் தடை எந்த இடத்தில் இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். மண், மழை, பூச்சி ஆகியவற்றைப் பற்றி எனக்குத் தெரியும். அவற்றை நான் கேட்கவில்லை.

பதில்: பழைய அடங்கல்

ஐயா, நான் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் தகப்பனாரிடம் காட்டாமணக்கு நடச் சொல்லிப் பேசியவர்களில் என்னைப் போன்றவர்களும் உண்டு என்பதால், அந்தக் கதையை முழுமையாகவே எழுதுகிறேன்.

2003 ஏப்ரலில் மத்தியத் திட்டக் குழு அமைத்த குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு தாவர எண்ணெயிலிருந்து பெற்ற பயோடீசலைக் கலக்கலாம், அதற்கு ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் காட்டாமணக்கு நட வேண்டும் என்பது அதன் கணக்கு. அவ்வளவு நிலம் எங்கே என்ற கேள்விக்கு அறிக்கை வைத்திருந்த பதில், 'தரிசு' என்ற ஒற்றைச் சொல். கிராமக் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், தரிசு என்பதில் தீர்வை ஏற்பட்டது, ஏற்படாதது என்று வகை உண்டு. மேய்ச்சல் புறம்போக்கு தனி, மந்தைவெளி தனி. பட்டா நிலத்திலேயே மழை பொய்த்ததால் நான்கு ஆண்டுகள் விதைக்காமல் விட்டதும் அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கில், தரிசு என்றுதான் ஏறும். தாளில் காலியாக இருக்கும் இந்த நிலத்தில் யாரோ ஒருவருடைய ஆடு மேய்கிறது, யாரோ ஒருவருடைய அடுப்புக்கு விறகு வருகிறது. உங்கள் மாவட்டத்தில் சாத்தூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'பயனற்ற நிலம்' என்று குறிக்கப்பட்ட இடத்தில் சீமைக்கருவேலம் நின்றது; அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்று எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. அந்த நிலங்களை ஆராய்ந்தவர்கள், காட்டாமணக்குத் தோட்டம் கொடுக்கக்கூடிய ஆற்றலைவிடச் சீமைக்கருவேலம் பல மடங்கு ஆற்றலை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தது என்று கணக்கிட்டார்கள். எரிபொருள் வளர்ப்பதற்காக எரிபொருளை வெட்டி அப்புறப்படுத்தியிருக்கிறோம். அந்த மரத்தின் மேல் எனக்குப் பெரிய அன்பு கிடையாது, கணக்கு கணக்குதான்.

அடுத்தது விலை. 2005 அக்டோபரில் பயோடீசல் கொள்முதல் கொள்கையை அறிவித்தார்கள். 2006 ஜனவரி 1 முதல் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு 25 ரூபாய் (பிறகு 26 ரூபாய் 50 காசு) கொடுத்துக் குறிப்பிட்ட மையங்களில் வாங்கிக்கொள்ளும் என்றார்கள். அந்த விலையில் விதையை வாங்கி, ஆட்டி, வேதிமுறையில் பயோடீசலாக மாற்றி, மையம்வரை கொண்டு சேர்க்க எவராலும் முடியவில்லை. மறுபக்கம், டீசல் விலையை அரசே அடக்கி வைத்திருந்தது. 2014 அக்டோபரில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஒரு கையால் டீசலை மலிவாக்கி, மறு கையால் டீசலுக்கு மாற்றை வளர்க்கச் சொன்ன காலம் அது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 26.50 எண்ணெய்க்கு வைத்த விலை. விதைக்கு விலை என்று ஒன்று மத்திய அரசின் எந்த ஆணையிலும் இல்லை. 2009 கொள்கையில் எண்ணெய் வித்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை தருவோம் என்று எழுதினார்கள். அது எழுத்தோடு நின்றது. ஆதரவு விலைப் பட்டியலில் இருக்கும் 22 பயிர்களில் காட்டாமணக்கு என்றுமே இடம் பெறவில்லை. புங்கம் விதைக்கு ஒரு விலை அறிவிக்கப்பட்டது, ஆனால் அது சிறு வன மகசூல் என்ற தலைப்பில், பழங்குடியினர் நலத்துறையின் திட்டத்தில். அதாவது காட்டில் பொறுக்குபவருக்கு விலை உண்டு, வயலில் நட்டவருக்கு இல்லை.

பயிருக்கு ஒரு துறையே சொந்தக்காரராக இல்லாததால் மற்றவையும் இப்படியே முடிந்தன. சான்று பெற்ற இரகம் இல்லாமலே கன்றுகளை விநியோகித்தார்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நட்டவர்களிடம் செய்த கள ஆய்வில், தண்ணீர் பாய்ச்சிய தோட்டத்தில்கூட எதிர்பார்த்த விளைச்சலின் பக்கத்தில் வரவில்லை என்று தெரிந்தது. பயிர்க் காப்பீட்டில் அதற்கு இடமில்லை. பிண்ணாக்கில் நச்சு இருப்பதால் மாட்டுக்கும் வைக்க முடியாது. கடலை பொய்த்தாலும் கொடியாவது மாட்டுக்கு மிஞ்சும், இதில் அதுவும் கிடையாது. 2018 கொள்கை 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு என்று இலக்கைச் சுருக்கிக்கொண்டது. இன்றுவரை ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

உங்கள் முகவர் ஏமாற்றுக்காரராகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் நேர்மையானவராக இருந்திருந்தாலும் அந்த ஏழு சாக்கை வாங்கிப் போய் விற்க அவருக்கு ஓர் இடம் இருந்திருக்காது.

பதில்: மறுதாம்பு

கடலூர் மாவட்டத்தில் நாங்கள் மூன்று தலைமுறையாகக் கரும்பு செய்கிறோம். மேலே எழுதிய பெரியவர் சொன்ன 'எண்ணெய்க்கு விலை, விதைக்கு இல்லை' என்ற அதே கதைதான் எத்தனாலிலும். கரும்புக்கு விலை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, எத்தனாலுக்கும் அந்த விலைக்கும் உள்ள தொடர்பைத்தான் பார்க்க வேண்டும்.

கரும்புக்கு மத்திய அரசு வைக்கும் நியாயமான மற்றும் ஆதாய விலை 2025-26 பருவத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய் என்று செய்தித்தாளில் தலைப்பு வரும். அது 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானம் (நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரை) உள்ள கரும்புக்கு. நம் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலும் 9.5ஐத் தாண்டுவதில்லை, ஆகவே ஆலை நமக்குத் தர வேண்டியது 3,290 ரூபாய் 50 காசுதான். ஆலை அதே கரும்பின் சாற்றை எத்தனாலாக மாற்றி விற்றால் லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசும், பி வகைக் கழிவுப்பாகிலிருந்து (சர்க்கரையை முழுவதும் பிரிக்காத பாகு) எடுத்தால் 60 ரூபாய் 73 காசும் பெறுகிறது. துணைப்பொருள் வருவாயையும் பார்த்துத்தான் ஆதாய விலையை நிர்ணயிக்கிறோம் என்று அரசு சொல்கிறது. இருக்கலாம். ஆனால் எத்தனாலில் ஆலைக்கு நல்ல ஆண்டு வந்தால் அதில் இவ்வளவு பங்கு கரும்பு கொடுத்தவனுக்கு என்று தனியாக எதுவும் இல்லை. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் 5ஏ என்று ஒரு பிரிவு இருந்தது; ஆலைக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் வருவாய் வந்தால் உபரியில் விவசாயிக்குப் பங்கு என்பது அதன் சாரம். ஆதாய விலை முறை வந்த 2009இல் அதை நீக்கிவிட்டார்கள். 2012இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையும் துணைப்பொருளும் சேர்ந்த வருவாயில் 70 விழுக்காடு விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. தமிழ்நாடு 2018இல் வருவாய்ப் பங்கீட்டுக்கெனச் சட்டமே கொண்டுவந்தது. பங்கு என்ற பெயரில் பெரிதாக எதையும் பார்த்ததாக எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வேறு ஆலைக்குக் கொண்டுபோகலாமே என்றால், முடியாது. எங்கள் ஊர் ஓர் ஆலையின் ஒதுக்கீட்டுப் பகுதி. பதிவும் அங்கேதான், வெட்டு உத்தரவும் அங்கிருந்துதான். வெட்டு உத்தரவு இருபது நாள் தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை குறைகிறது. அந்த நட்டம் எங்களுடையது. இருக்கும் ஆலைக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள் புதிய சர்க்கரை ஆலை வரக்கூடாது என்றும் விதி இருக்கிறது. கரும்பு கொடுத்த பதினான்கு நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 விழுக்காடு வட்டி என்று அதே 1966 ஆணையில் உண்டு. அந்த வட்டியை வாங்கியவர் யாரேனும் இங்கே இருந்தால் கை தூக்கலாம்.

விதி நடுவழியில் மாறுவதுதான் இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது. 2023இல் மழை குறைந்து சர்க்கரை உற்பத்தி குறையும் என்று தெரிந்ததும், டிசம்பர் 7ஆம் தேதி, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆலைகள் அரைவையைத் தொடங்கிவிட்ட நேரம். எட்டு நாள் கழித்து, சரி, 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்கு மட்டும் திருப்பிக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். தடை முழுவதும் நீங்கியது அடுத்த பருவத்துக்குத்தான். சர்க்கரை விலை ஏறக்கூடாது என்பது உணவுத் துறையின் கவலை, கலப்பு விழுக்காடு குறையக்கூடாது என்பது பெட்ரோலியத் துறையின் கவலை. பன்னிரண்டு மாதப் பயிரை நட்டு, அதற்கடுத்து மறுதாம்பும் (வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கரும்பு) விட்டிருப்பவனின் கவலைக்கு எந்தத் துறை என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனால் ஆலை கட்டக் கடன் வாங்கியவர்கள் உடனே தில்லிக்குப் போய்ப் பேசினார்கள். எங்களுக்குச் செய்தித்தாளில்தான் தெரிந்தது.

தட்டையில் இனிப்புச் சாறு உள்ள இனிப்புச் சோளத்தைப் பற்றி யாராவது எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை: 2018 கொள்கையில் அதன் பெயர் இருக்கிறது, தண்ணீரும் குறைவாகவே கேட்கும். ஆனால் அதன் தட்டையை வெட்டிய கையோடு பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். கரும்புக்கே வெட்டு உத்தரவு தாமதிக்கும் ஆலையை நம்பி அதை விதைப்பவர் என்னைவிடத் துணிச்சல்காரர்.

பதில்: ஏழாவது அட்டவணை

நான் வழக்கறிஞர். ஆலை ஒன்றை நம்பியே இருக்க வேண்டிய இந்த நிலை எதனால் என்பதற்கு ஒரு காரணத்தைச் சேர்க்கிறேன். பத்து விவசாயிகள் சேர்ந்து ஊரிலேயே ஒரு சிறு வடிப்பாலை வைத்து எத்தனால் எடுத்து விற்கலாமே என்று கேட்கத் தோன்றும். எண்ணெய்ச் செக்கு வைப்பதுபோல இதை வைக்க முடியாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் எத்தனால் முதலில் சாராயம், அதன் பிறகுதான் எரிபொருள்.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் போதை தரும் மதுவகைகள் மாநிலப் பட்டியலின் 8ஆம் இனம். நாடாளுமன்றம் பொது நலன் கருதித் தன் கட்டுப்பாட்டில் எடுக்கும் தொழில்கள் மத்தியப் பட்டியலின் 52ஆம் இனம். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான ஆல்கஹால் இவ்விரண்டில் எதில் வரும்? 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, மாநிலங்களுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை என்றது. 2016இல் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தைத் திருத்தி, குடிப்பதற்கான மதுவை மட்டும் மாநிலங்களிடம் விட்டுவிட்டு மற்றதை மத்திய அரசு தன் பக்கம் வைத்துக்கொண்டது. எத்தனால் மாநில எல்லைகளைத் தடையின்றிக் கடக்க வேண்டும் என்பது நோக்கம். பிறகு 2024 அக்டோபர் 23 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், 1989 தீர்ப்பைத் தள்ளி, தொழிற்சாலை ஆல்கஹாலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. மாநில உரிமை என்ற கோணத்தில் அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். எத்தனால் திட்டம் என்ற கோணத்தில் பார்த்தால், ஒவ்வொரு மாநிலமும் தனக்கென உரிமம், கட்டணம், போக்குவரத்து அனுமதி ஆகியவற்றை வைத்துக்கொள்வதற்கான கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் 1958இல் கழிவுப்பாகுக்கென்று தனி விதிகள் வகுக்கப்பட்டன. சாராயம் காய்ச்சப் பயன்படும் மூலப்பொருள் என்பதால் அந்தப் பாகே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சரக்கு. 2023இல் தமிழ்நாடு அரசு எத்தனால் கலப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு முதலீட்டை அழைத்தது. அழைக்கும் தொழில் துறை ஓர் அலுவலகம்; சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை இன்னோர் அலுவலகம். அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் வேறு, எத்தனால் வேறு என்றாலும், அப்படியொரு சம்பவத்துக்குப் பிறகு எந்த அதிகாரி கிராமத்துக்கு ஒரு வடிப்பாலைக்குக் கையெழுத்துப் போடுவார்? ஆகவே உரிமம் பெரிய ஆலைக்கு மட்டுமே கிடைக்கும், சுற்று வட்டாரத்துக்கு ஒரே கொள்முதலாளர்தான் இருப்பார், அவர் சொல்வதுதான் விலையாக இருக்கும்.

பதில்: தீவனக்கணக்கு

நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் தடைகளை நீக்க வேண்டும் என்ற தொனியில் எழுதுவதால் எதிர்த்தரப்பையும் பதிவு செய்கிறேன். எங்கள் தீவனத்தில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் மக்காச்சோளம். சாற்றுக்குத் தடை வந்த அந்தப் பருவத்தில் அரசு மக்காச்சோள எத்தனாலின் விலையை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசாக உயர்த்தியது. 2023-24இல் கரும்பைவிடத் தானியத்திலிருந்தே அதிக எத்தனால் வந்தது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. எங்கள் பகுதியில் பண்ணைகளைச் சுருக்கியவர்களை எனக்குத் தெரியும். உணவுக்கும் தீவனத்துக்கும் போக மிஞ்சியதுதான் எரிபொருளுக்கு என்று ஒரு தடை இருக்கத்தான் வேண்டும். அந்தத் தடையை முன்கூட்டியே சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்பதில் மட்டும் மறுதாம்பு அவர்களோடு உடன்படுகிறேன்.

கேள்வி கேட்டவருக்குப் பயன்படும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். லிட்டர் 71.86 என்றால் மொத்தம் ஏறக்குறைய 27,300 ரூபாய். 2025-26க்கு மக்காச்சோளத்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400, அதாவது டன்னுக்கு 24,000. அதைக் கொடுத்து வாங்கினால் ஆலைக்கு மிஞ்சுவது 3,300 ரூபாயும், வடித்தபின் தீவனமாக விற்கும் உலர்ந்த சக்கையின் விலையும். நிலக்கரி, நொதிப்பொருள், கூலி, கடன் வட்டி எல்லாம் அதில் அடங்க வேண்டும். எத்தனால் விலை அரசு ஆணையில் கட்டப்பட்டிருப்பதால், ஆலைக்கு இறுக்கம் வந்தால் விட்டுக்கொடுக்க இருக்கும் ஒரே இடம் மக்காச்சோளத்தின் விலை. முகவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் 2,400க்கு வெகு மேலே அவரால் போக முடியாது. வெகு கீழே போவதற்குத் தடை எதுவும் இல்லை.

கீழே போனதையும் பார்த்துவிட்டோம். 2025இல் இந்திய உணவுக் கழகம் 52 லட்சம் டன் அரிசியை, மக்காச்சோளத்தின் ஆதரவு விலையைவிடக் குறைவாக, குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கியது. அதைக் கொள்முதல் செய்து சேமித்து வைக்கக் கழகத்துக்கு ஆன செலவு அதைவிட வெகு அதிகம். 2023 ஜூலையில் இதே கழகம்தான் அரிசி தருவதைத் திடீரென்று நிறுத்தி ஆலைகளை மக்காச்சோளத்தின் பக்கம் தள்ளியது. 2025-26க்கு எண்ணெய் நிறுவனங்கள் 1,050 கோடி லிட்டர் எத்தனால் கேட்டபோது, 1,776 கோடி லிட்டர் தருகிறோம் என்று ஆலைகள் வரிசையில் நின்றன. கேட்ட அளவு ஒதுக்கீடு கிடைக்காத ஆலை மக்காச்சோளம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டது. 2025 நவம்பரில் கர்நாடகத்து விவசாயிகள் ஆதரவு விலைக்கு வெகு கீழே மக்காச்சோளத்தை விற்க நேர்ந்து சாலைக்கு வந்து போராடினார்கள். எனக்கு அந்த மாதம் தீவனம் மலிவு, மறைக்க விரும்பவில்லை.

கேள்வி கேட்டவர்: கரிசல்மேடு

எல்லோருக்கும் நன்றி. முகவரிடம் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். விலை என்ற இடத்தில் 'அறுவடை நாளின் சந்தை நிலவரப்படி' என்ற பொருளில் இருக்கிறது. ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பும் உரிமை ஆலைக்கு உண்டு. ஆலை வாங்க மறுத்தால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை. நாங்கள் வேறிடத்தில் விற்றால் என்ன என்பதற்கு முக்கால் பக்கம் இருக்கிறது. இதை எப்படி அணுகுவது?

பதில்: ஏழாவது அட்டவணை

சந்தை நிலவரப்படி என்றால், அது நீங்கள் ஒப்பந்தம் இல்லாமலே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பெறக்கூடிய விலை. அதற்காக உங்கள் கையைக் கட்டிக்கொள்ளத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஒப்பந்தச் சாகுபடிக்கென்றே 2019இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டுக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றிருக்கிறது. ஒப்பந்தம் செய்யும் நாளிலேயே விலையைக் குறிப்பதும், ஒப்பந்தத்தை அரசு குறிப்பிடும் அலுவலரிடம் பதிவு செய்வதும் அதன் அடிப்படை. விளைச்சல் மிகுந்து சந்தை சரிந்தாலும் குறித்த விலையைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் சட்டமே வந்தது. பதிவு செய்யாத தாள், உங்கள் தகப்பனாரிடம் இருந்த முத்திரைத் தாளின் தம்பி. தமிழில் எழுதச் சொல்லுங்கள், குவிண்டாலுக்கு ஓர் எண்ணைப் போடச் சொல்லுங்கள், பதிவு செய்யச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் அவர் சொல்லும் பதிலே போதுமானது.

பதில்: பழைய அடங்கல்

ஒன்றைச் சேர்க்கிறேன். எண்ணெய் நிறுவனங்களின் எத்தனால் ஆண்டு நவம்பர் முதல் அக்டோபர் வரை. எந்த ஆலைக்கு எவ்வளவு என்ற ஒதுக்கீடு அந்த ஆண்டு பிறக்கும் சமயத்தில்தான் தெரியவரும். நம் பக்கம் மானாவாரி மக்காச்சோளத்தைப் புரட்டாசியில் விதைத்து, தையில் அறுக்கிறோம். விதைக்கும் நாளில் ஆலைக்கே தன் ஒதுக்கீடு தெரியாது. ஆகவே எண்ணைப் போட அவர் தயங்கினால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மனிதரைக் கெட்டவர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை நீங்கள் கொடுக்கவும் வேண்டாம். மக்காச்சோளம் உங்கள் வட்டாரத்தில் காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்ட பயிரா என்பதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, யாருக்கு விற்பதாக இருந்தாலும் அதைச் செய்துவிடுங்கள். 2018-19இல் படைப்புழு வந்து மொட்டையடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்; அதை எந்த ஒப்பந்தத்திலும் ஆலை ஏற்காது.

கேள்வி கேட்டவர்: கரிசல்மேடு

மூன்றையும் கேட்டுவிட்டேன். தமிழில் தருவதில் ஆட்சேபம் இல்லை என்றார். எண்ணுக்கு, மேலிடத்தில் பேசிச் சொல்வதாகச் சொன்னார். பதிவு என்றதும், அதெல்லாம் நமக்குள் எதற்கு என்றார். காட்டாமணக்கு இருந்த அந்த நான்கு ஏக்கரில் மட்டும் மக்காச்சோளம் போட்டு விற்பனைக்கூடத்துக்கே கொண்டுபோவதாகவும், மற்றதில் வழக்கம்போல உளுந்தும் கம்பும் விதைப்பதாகவும் வீட்டில் பேசியிருக்கிறோம். என் தகப்பனார் கேட்டது ஒன்றுதான்: இந்த முறை மீந்தால் மாட்டுக்காவது போடலாம் அல்லவா என்றார். போடலாம் என்றேன்.